அறுபது குடும்பத்தின் எடை

இருபத்து நான்கில் நொறுங்க வேண்டிய கான்கிரீட் கியூப் இருபத்தெட்டைத் தாண்டியும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பிரமிளா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். கண்ணாடியில் கோளாறு இல்லை. அழுத்தும் இயந்திரத்தின் திரையில் எண் ஏறிக்கொண்டேதான் போனது. முப்பது. முப்பத்திரண்டு. முப்பத்தைந்து.

"உடைஞ்சு தொலையேன்" என்று கியூபைக் கெஞ்சினாள். உடைந்துவிடாதே என்றும் அதே மூச்சில் வேண்டிக்கொண்டாள்.

முப்பத்தாறு புள்ளி நான்கில் அது 'டம்' என்று வெடித்தது. சோதனைக்கூடத்தின் தலைமைப் பொறியாளர், வயது முப்பத்தெட்டு, பத்து பேருக்கு நடுவில் சிரிக்கவே யோசிக்கிறவள், தனியாக நின்று இரண்டு தடவை குதித்தாள். அடுத்த கியூபை வைத்தாள். முப்பத்தைந்து புள்ளி ஒன்பது. மூன்றாவது முப்பத்தேழு. மூன்றாவது உடைந்தபோது அவள் குதிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு சிமெண்ட் கட்டி உடைந்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

2074ஆம் வருஷம் அது. வடக்குக் கரையோரத்தில் பனைத்திட்டுக்குப்பம் என்று ஓர் ஊர். கடல் அதைத் தெருத் தெருவாகத் தின்றுகொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் மிச்சம். கடலை விட்டு அவர்களும் வரமாட்டார்கள், அவர்களைக் கடலும் விடாது. கடைசியில் அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. முகத்துவாரத்தில் கான்கிரீட்டால் பெரிய மிதவை ஒன்றைக் கட்டி, ஊரையே அதன்மேல் ஏற்றி வைத்துவிடுவது.

கான்கிரீட் மிதக்குமா? உள்ளே காலி அறைகள் வைத்துக் கட்டினால் மிதக்கும். ஆனால் கருங்கல் ஜல்லி போட்டால் மிதவை தன்னைத் தூக்கிக்கொள்வதற்கே சரியாகிவிடும், ஊரை எங்கே தூக்குவது? அதனால் கருங்கல்லுக்குப் பதில் சாம்பல் ஜல்லி. பக்கத்தில் மூடிக் கிடந்த அனல் மின் நிலையத்தின் சாம்பல் மலையை எடுத்து, கொண்டைக்கடலை அளவுக்கு உருட்டி, சூளையில் சுட்டார்கள். வெளியே கெட்டி, உள்ளே பொரி மாதிரி ஓட்டை ஓட்டை. கையில் எடுத்தால் கனமே தெரியாது.

கனம் இல்லாததற்குப் பலமும் இல்லை என்பதுதான் தொல்லை. பலத்தைக் கூட்ட மணலும் சிமெண்டும் சேர்த்தால் கனம் ஏறும். கனத்தைக் குறைத்தால் பலம் இறங்கும். இரண்டு வருஷமாகப் பிரமிளாவின் பாடு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றுதான் இருந்தது. புயலைத் தாங்க, அழுத்தும் இயந்திரத்தில் பலம் முப்பதாவது காட்ட வேண்டும். அவளுடைய லேசான கலவை இருபத்து நான்குக்கு மேல் ஏறவே இல்லை. கனமான கலவை முப்பத்து மூன்று காட்டியது, ஆனால் ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோ அதிகம்.

"நூறு கிலோதானே?" என்று முதலில் அவளும் நினைத்தாள். தலைமைத் திட்ட அதிகாரி சபாபதி சார்தான் காகிதத்தில் போட்டுக் காட்டினார்.

"மிதவைக்கு ஆறாயிரம் கன மீட்டர் கான்கிரீட். நூறு கிலோ கூடினா மொத்தம் அறுநூறு டன். ஒரு குடும்பம்னா வீடு, தண்ணித் தொட்டி, வலை, இன்ஜின் எல்லாம் சேர்த்துப் பத்து டன். அப்போ எத்தனை குடும்பம் ஏற முடியாது?"

அறுபது.

வேறு வழியின்றிக் கனமான கலவையே முடிவானதும், ஊர்ப் பஞ்சாயத்து கோயிலில் வைத்துத் திருவுளச் சீட்டுப் போட்டது. சீட்டு விழாத அறுபது குடும்பங்களுக்கு நாற்பது கிலோமீட்டர் உள்ளே, வற்றிப்போன ஏரியில் கட்டிய அடுக்குமாடி. அதற்கு ஈடாக அந்த அறுபது வீட்டுப் பெண்களுக்கே மிதவையில் கலவை போடும் வேலையைத் துறை கொடுத்தது. இப்போதைக்குச் சோதனைக் கலவை மட்டும்தான்; ஆனால் தாங்கள் ஏறப்போகாத மிதவைக்குத் தாங்களே சாந்து சுமக்க வேண்டும். இதைவிடக் கொடுமை இருக்க முடியாது என்று பிரமிளாவுக்குத் தோன்றும். ஆனால் அதை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

இப்போது உடைந்தது அந்த லேசான கலவையின் கடைசிச் சோதனை. கோப்பை மூடுவதற்காகச் செய்த சடங்கு. அதுதான் முப்பத்தாறு காட்டியிருந்தது.

சந்தோஷம் அடங்கியதும் சந்தேகம் வந்தது. கட்டுமானத் தொழிலில் ஒரு பழைய திருட்டு உண்டு. கட்டடத்துக்கு ஒரு கலவை, கியூபுக்குத் தனிக் கலவை. சோதனைக்குப் போகும் கியூபில் மட்டும் இரண்டு பாண்டுச் சட்டி சிமெண்ட் கூடப் போட்டுவிடுவார்கள். இங்கேயும் யாரோ கைவரிசை காட்டிவிட்டார்களா? ஓடிப்போய் உடைப்பதற்கு முன் எழுதிவைத்த எடையைப் பார்த்தாள். சிமெண்ட் கூடியிருந்தால் எடையும் கூடியிருக்கும். கூடவில்லை. மூன்றும் நாலு கிலோ எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம், பழைய லேசான கலவையின் எடை.

அப்படியானால் திருட்டு இல்லை. வேறு என்னவோ நடந்திருக்கிறது. அவள் செருப்பைக்கூட மாட்டாமல் கலவை போடும் இடத்துக்கு ஓடினாள்.

பெண்கள் கலவை இயந்திரமான மில்லரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழுவுக்குத் தலைவி தேசம்மா. ஐம்பது வயது, வெண்கலக் குரல். முன்பு மீன் ஏலம் விட்டவள், அந்தக் குரல் சாந்துக்கு வந்தும் இறங்கவில்லை.

"தேசம்மாக்கா, போன மாசம் ஒன்பதாம் தேதி போட்ட கலவை ஞாபகம் இருக்கா?"

தேசம்மாவின் கை மில்லர் மேலேயே நின்றது. "எல்லாம் புக்குல போட்டுக்கீறபடிதான் மேடம் பண்ணோம். சாம்பல் உருண்டைய ஒரு நாள் முழுக்க ஊற வெச்சோம், வடிச்சோம், போட்டோம்."

"ஒண்ணும் வித்தியாசமா செய்யலையா?"

"ஐய, இன்னாத்துக்கு மேடம் வித்தியாசமா பண்ணப் போறோம்?"

இத்தனை அவசரமாக வந்த பதிலே அவளைக் காட்டிக்கொடுத்தது. பின்னால் நின்ற பவுனு என்ற இளம்பெண் வேண்டுமென்றே கடலைப் பார்த்தாள். பவுனுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவள் காது சிவந்திருந்தது.

"பவுனு, நீ சொல்லு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அன்னிக்கு நான் தண்ணி தூக்கல." சொல்லிவிட்டுத்தான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்தத் தண்ணி?"

தேசம்மா பவுனை ஒரு பார்வை பார்த்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியாயிற்று, இனி மூட முடியாது. பெருமூச்சு விட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக நின்றாள்.

"கூலிய புடிச்சிக்கோ மேடம், சீட்டக் கிழிச்சாலும் கிழி. உள்ளத சொல்லிடறேன். குப்பத்துக்கு மூணு நாளா தண்ணி லாரி வரல. கொழந்தைங்க வாயி நனைக்க சொட்டுத் தண்ணி இல்ல. இங்க பாத்தா, ஜல்லி ஊறறதுக்கு ஆயிரம் லிட்டரு நல்ல தண்ணி தளும்பிக்கினு கீது. ஆளுக்கு நாலு கொடம் எடுத்துக்கினு பூட்டோம். இன்னா பண்ணச் சொல்ற?"

பிரமிளா இன்னும் கிட்டே வந்தாள். "அப்போ உருண்டை ஊறவே இல்லையா?"

"இல்ல. காஞ்ச உருண்டைய அப்படியே மில்லர்ல போட்டா தண்ணிய உறிஞ்சிட்டு மேல மேல வந்து மெதக்கும், தெரியும். யோசிச்சேன். வஞ்சிரத்துண்டு கீதுல்ல? மசாலா தடவாம எண்ணெயில போட்டா இன்னா ஆவும்? எண்ணெயக் குடிச்சி பிஞ்சி பூடும். மசாலா தடவி கொஞ்ச நேரம் வெச்சிட்டுப் போட்டா மேல பொருக்கு கட்டிக்கும். அதான், அந்தக் கலவைக்குப் போடற சிமிட்டியிலயே கொஞ்சம் எடுத்து, கெட்டியா கூழ் கரைச்சி, உருண்டைய அதுல பெரட்டி, நாங்க சோறு துன்னு முடிக்கிற வரைக்கும் காய உட்டோம். அப்புறம் மீதி எல்லாத்தையும் சேத்துக் கலக்கினோம். பாத்தா ஊறின ஜல்லி மாதிரியேதான் இருந்திச்சி. நீயும் கண்டுக்கல."

பிரமிளா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவள் மூளைக்குள் படம் ஓடியது. ஊறிய உருண்டை குடித்த தண்ணீரைச் சுற்றியுள்ள சிமெண்டுக்குக் கக்கி, ஒட்டும் இடத்தைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். கூழ் பூசிய உருண்டையில் ஓட்டை எல்லாம் வெளியிலேயே அடைபட்டுப் போகும். உள்ளே காற்று, வெளியே கெட்டித் தோல். கனம் அதே, பிடிப்பு இரண்டு மடங்கு. இரண்டு வருஷமாக அவள் சிமெண்டையும் மணலையும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தாள். உருண்டைக்கு மசாலா தடவலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவள் சைவம்.

"இன்னா மேடம், சீட்டு கிழியுமா?" என்றாள் தேசம்மா.

"அக்கா, கிழியப்போறது வேற சீட்டு. நாளைக்கு நான் பக்கத்துலயே நிக்கிறேன். அன்னைக்கு செஞ்ச மாதிரியே, ஒரு பிசகு இல்லாம, திருப்பி செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினார்கள். இருபத்தெட்டு நாள் பொறுக்க அவளால் முடியவில்லை. கியூபை வெந்நீர்த் தொட்டியில் வேகவைத்து ஒரே நாளில் பலத்தைக் கணிக்கும் முறை ஒன்று உண்டு, அதில் போட்டாள். முப்பத்தைந்து. மறுநாள் முப்பத்தெட்டு. அதற்கு மறுநாள் முப்பத்தேழு. ஒவ்வொரு தடவையும் சோதனைக்கூடத்தின் ஜன்னலில் பதினைந்து பெண்கள் தொற்றிக்கொண்டு எண்ணைச் சேர்ந்து கத்தினார்கள். முப்பதைத் தாண்டும்போது எழுந்த குலவைச் சத்தத்தில் வாட்ச்மேன் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துவிட்டார்.

நான்காம் நாள் காலை பிரமிளா சபாபதி சாரின் அறைக்குள் ஏறக்குறைய ஓடியே நுழைந்தாள். அவர் அறிக்கையைப் படித்தார். எழுந்து நின்று கைகுலுக்கினார். நல்ல மனிதர், அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை.

"பிரமிளா, இது சாதாரண விஷயம் இல்ல. மிதவை தண்ணில இறங்கி, முதல் எடை அளவுல இந்த லேசு நிரூபணம் ஆச்சுன்னா, உலகம் பூரா இதைத்தான் செய்வாங்க. உங்க பேர்லயே இந்த முறை விதிப் புத்தகத்துல ஏறும். எழுதி வச்சுக்குங்க."

"பேரு கிடக்கட்டும் சார். அறுநூறு டன் மிச்சம். அந்த அறுபது குடும்பமும் ஏறலாம்."

சபாபதி உட்கார்ந்தார். மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தினார். "பட்டியல் அரசிதழ்ல வந்தாச்சும்மா. முந்நூற்று ஐம்பத்திரண்டு குடும்பம். அடுக்குமாடியும் ஒதுக்கியாச்சு. அதைத் திறந்தா, விட்டுப்போன பக்கத்துக் குப்பம் எல்லாம் கோர்ட்டுக்குப் போகும்."

"அப்போ அந்த அறுநூறு டன்?"

"மிச்சம் வந்தா என்ன பண்றதுன்னு மேலிடத்துல ஏற்கெனவே ஒரு யோசனை இருக்கு. சுற்றுலா மாளிகை. புல்வெளி, சின்னதா ஒரு நீச்சல் குளம்."

பிரமிளா காதில் விழுந்ததை நம்பாமல் நின்றாள். "கடல் மேலயா சார் நீச்சல் குளம்?"

"நல்ல தண்ணிக் குளம்" என்றார் அவர். சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாக இருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக அவள் வெளியே வந்தாள். ஆத்திரத்தில் கண் எரிந்தது. கான்கிரீட்டை லேசாக்கிவிட்டால் மனிதர்களுக்கு இடம் கிடைத்துவிடும் என்று நினைத்தாளே, அந்த அறிவை எதில் கொண்டுபோய் முட்டுவது? தேசம்மாவிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னாள். பெண்கள் திரும்பிப் போய்ப் பாண்டுகளை அடுக்கினார்கள். பவுனு மட்டும் அழுதாள்.

"கலக்கறது எங்க வேல. கலக்கிட்டுப் போறோம்" என்றாள் தேசம்மா கடைசியில். "நம்ம ஊரு ஆளுங்கதான மேல இருக்கப் போறாங்க. அவங்களுக்காச்சும் கெட்டியா இருக்கட்டும்."

ஒன்பது மாதம் கலக்கினார்கள். ஒரு பாண்டு சாந்துகூடப் பழுதாகவில்லை. அத்தனை கோபத்தோடு அத்தனை ஒழுங்காக யாரும் வேலை செய்து பிரமிளா பார்த்ததில்லை.

தை மாதத்தில் மிதவை தண்ணீரில் இறங்கியது. விடிந்ததும் அதைக் கட்டிய பள்ளத்தின் மதகைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டார்கள். எட்டு மணிக்கு அந்தச் சாம்பல் நிறப் பெரும் பரப்பு, மேலே கட்டி முடித்த முந்நூற்று ஐம்பத்திரண்டு வீடுகளோடு, ஒரு தடவை முனகிவிட்டுத் தரையை விட்டுக் கிளம்பியது. கரையில் நின்ற கூட்டம் எழுப்பிய சத்தத்தில் பிரமிளாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மிதக்கிறது! அவள் சிமெண்ட், அவள் சாம்பல், அந்தப் பெண்களின் கை, எல்லாம் சேர்ந்து மிதக்கிறது!

கரைப் பக்கம் பாலம் போட்டு, பாலத்தின் வாயிலில் காவலர் பட்டியலைச் சரிபார்த்துக் குடும்பங்களை ஒவ்வொன்றாக விட்டார்கள். சற்றுத் தள்ளிச் சாலையில் பதினாறு லாரிகள். சீட்டு விழாத அறுபது குடும்பங்களை மாலை ஐந்து மணிக்கு ஏரிக்கு ஏற்றிப்போக வந்தவை. அவர்களுடைய சாமான்கள் இரண்டு நாளாகவே மூட்டை கட்டி மணலில் கிடந்தன.

பத்து மணிக்குப் பிரமிளா சின்னப் படகில் மிதவையைச் சுற்றி வந்தாள். பக்கச் சுவரில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. தண்ணீர் அதுவரை ஏறலாம், அதற்கு மேல் கூடாது. பட்டியலில் உள்ள எல்லாக் குடும்பமும் ஏறிவிட்டால் கோட்டுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்பது சென்டிமீட்டர். விரல் கணக்கில் ஐந்து விரல்கடைதான். அதற்குள் அறுபது வீடு இருந்தது.

மிதவைமேல் பந்தல். சபாபதி சார் மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மிச்சம் எவ்வளவு காட்டுது பிரமிளா?"

"இப்போ சொல்ல முடியாது சார். புது உருண்டை தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கும். நாலு மணிக்குத்தான் நிலைக்கும்." யோசிக்கும் முன்பே வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் எதற்காக அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே திக்கென்றது.

"அதுவும் சரிதான். நாலு மணிக்குத்தான் முதல் அளவு. அந்தக் கம்பத்துல இருக்கற கேமரா, விருந்தாளி அட்டை மாட்டினவங்களை விட்டுட்டு, தானாவே மிதவையில உள்ள அத்தனை முகத்தையும் பதிவு பண்ணும். கோட்டு அளவை நீங்க எழுதுவீங்க. ரெண்டும் சேர்ந்தா எடைச் சான்று. அதுல முகம் பதிவானவங்கதான் இனி மிதவைவாசி, அதுல மிச்சம்னு எழுதற எடைதான் மாளிகைக்கு. ஒரு தடவை பதிவாயிட்டா அப்புறம் யாரு நினைச்சாலும் மாத்த முடியாது, சட்டம் அப்படி."

"யாரு நினைச்சாலுமா சார்?"

"பட்டியல் போட்ட நாங்க நினைச்சாக்கூட."

பிரமிளா படியிறங்கி மிதவையின் வயிற்றுக்குள் போனாள். அங்கே தேசம்மாவும் குழுவும் கடைசியாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். மிதவை ஒரு பக்கம் சாய்ந்தால் சரிக்கட்டக் கடல்நீரை விடுவதற்கென்று அங்கே எட்டுக் காலி அறைகள், எட்டு வால்வுகள். சாவி பிரமிளாவிடம்தான் இருந்தது.

அவள் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். நாலு மணிக்குள் அறுபது குடும்பமும் மேலே இருக்க வேண்டும். ஆட்களும் மூட்டையும் சேர்ந்தே அறுபது டன்தான் வரும். மீதி எடைக்கு இந்த அறைகளில் கடல்தண்ணீரை விட்டுக் கோட்டைத் தொட்டுவிட வேண்டும். அப்போது மாளிகைக்கு மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. அப்புறம் வீடு கட்டக் கட்டத் தண்ணீரை இறைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு ஒன்பது டன் தண்ணீர்.

தேசம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "பஸ் ஜன்னல்ல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரின்னு சொல்லு."

"அதேதான்."

"கேட்டுல போலீசு கீதே?"

இதைத்தான் பிரமிளாவும் யோசித்திருக்கவில்லை. தேசம்மா அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தே விட்டாள். "மேடம், கேட்டு கரைப் பக்கம். நாங்க எந்தப் பக்கத்து ஆளுங்க?"

கடல் பக்கம் ஒரு காவலர்கூட இல்லை. மிதவை என்று கட்டினார்களே ஒழிய, அதற்கு மற்ற மூன்று பக்கமும் வாசல் உண்டு என்று அதிகாரிகள் யாருக்கும் தோன்றவில்லை.

பதினொன்றரைக்கு முதல் படகு வந்தது. மூட்டை, அடுப்பு, தலையணை, அம்மியைக் கட்டிப்பிடித்தபடி ஒரு கிழவர். பந்தலுக்குத் தெரியாதபடி வீடுகளுக்குப் பின்னால், நீச்சல் குளத்துக்கென்று குறித்துவைத்த பரப்பில் இறங்கி, தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தார்கள். பிரமிளா கீழே வால்வுகளைத் திறந்தாள். கடல் 'கொளக் கொளக்' என்று உள்ளே வந்தது. பவுனு சுவர் ஓரம் குனிந்து கோட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஒம்போது மேடம்! எட்டரை!"

ஒரு மணிக்கு ஆறு. அப்போதுதான் மேலே பந்தலில் சபாபதி சாரின் டீ கிளாஸ் மேஜையில் மெல்ல நகர்ந்து விளிம்புக்குப் போனது. ஒரு பக்க அறைகள் வேகமாக நிரம்பியிருந்தன. பிரமிளா ஓடிப்போய் எதிர்ப்பக்க வால்வுகளை முழுக்கத் திறந்தாள், கை தோல் உரிந்தது. கிளாஸ் நின்றது. "கடல்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்" என்று சபாபதி பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டரைக்கு நாலு. மூன்றேகாலுக்கு இரண்டு. மூன்று நாற்பதுக்கு ஐம்பத்தெட்டுக் குடும்பம் ஏறியிருந்தது. கடைசிப் படகின் இன்ஜின் நடுவழியில் நின்றுபோயிருந்தது. பவுனின் வீடும் அதில்தான். கைக்குழந்தையோடு அவள் மாமியார் படகில் எழுந்து நின்று இன்ஜினைத் திட்டிய வசவு இங்கே வரை கேட்டது. தேசம்மா புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கயிற்றோடு தண்ணீரில் குதித்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். பந்தலில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது, இந்தப் பக்கம் "ஏலேலோ" போட்டுப் படகை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். குழந்தையைக் கைமாற்றி மேலே தூக்கினார்கள். பிரமிளா கடைசி வால்வை மூடினாள். மூன்று ஐம்பத்தெட்டு.

கம்பத்துக் கேமரா ஒரு சுற்றுச் சுற்றியது. 'பதிவு: 1,651 முகங்கள்' என்று திரையில் வந்தது.

"என்னம்மா இது, ஒரு வீட்டுக்கு அஞ்சு பேர் வருதே?" என்றார் சபாபதி.

"பெரிய குடும்பங்க சார்."

அவருக்கு அந்த எண்ணில் அக்கறை இல்லை. கோட்டைப் பார்க்கக் குனிந்தார். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது, ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சம் இல்லாமல். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"அடடா. லேசு ஒண்ணும் மிச்சப்படலையே! கனமான கலவை போட்டிருந்தாலும் இதே கோடுதானே வந்திருக்கும்?"

"ஆமாம் சார்."

"சோதனைக்கூடத்துல அவ்வளவு நல்லா வந்துச்சே?"

"களத்துல வரல சார். உருண்டை தண்ணி குடிச்சிருக்கும்."

அதைச் சொல்லும்போது அவளுக்கு வலித்தது, உண்மையாகவே வலித்தது. இரண்டு வருஷ உழைப்பு, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கிடைத்த கண்டுபிடிப்பு, விதிப் புத்தகத்தில் ஏறவேண்டிய பெயர், எல்லாம் அந்த ஒரு பதிலில் போயிற்று.

"மனசு விட்டுடாதீங்க" என்றார் அவர். "மாளிகைதானே போச்சு, போகட்டும். அடுத்த மிதவை தெக்குக் குப்பத்துக்கு. அதுக்கு என்ன முறை வைக்கலாம்? பழையபடி ஊற வச்சே பண்ணிடலாமா?"

"முறை எதுவா இருந்தாலும் சரி சார். கலக்கறதுக்கு இதே ஆளுங்களையே வச்சுக்கணும். அது ஒண்ணுதான் கேக்கறேன்."

தோற்றுப்போனவளின் சின்ன ஆசை என்று நினைத்திருப்பார். அங்கேயே ஆணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எடைச் சான்றில் குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது. பிரமிளா தோல் உரிந்த கையால் பேனாவைப் பிடித்து, 'புதிய கலவை முறையால் களத்தில் எடை குறையவில்லை' என்று எழுதிக் கீழே முழுப் பெயரையும் போட்டாள். கடல் பக்கத்தில் யாரோ அதற்குள் உலை வைத்துவிட்டார்கள். மீன் குழம்பு வாசனை வந்தது, அவளுக்குப் பசித்தது.